சிவப்பு வட்டங்கள்

மூன்று வாரமாகப் பேசாதவளுக்கு,

நீ பல்கலைக்கழகத்தில் சீனமொழி படிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் பயிற்சி நோட்டைத் தற்செயலாகத்தான் திறந்தேன். பக்கம் நிறைய எழுத்துகள். நாலைந்தைச் சுற்றி மட்டும் உன் வாத்தியார் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். செல்போனில் படம் பிடித்து அர்த்தம் பார்த்தேன்: மழை, கதவு, குதிரை, நீ.

மழையும் குதிரையும் போகட்டும். ‘நீ’ எதற்கு?

அதனால்தான் அவருக்கு போன் செய்தேன். “அழகா எழுதுனா வட்டம் போடறது எங்க வழக்கம்ங்க. நீங்க யாரு?” என்றார். “அவ புருஷன்” என்று உளறிவிட்டேன்.

அன்றிலிருந்து நோட்டில் ஒரு வட்டம்கூட இல்லை. வெட்கப்பட்டு வகுப்பையே விட்டுவிட்டாயா? அப்படியென்றால் செவ்வாய்க்கிழமைதோறும் பையை மாட்டிக்கொண்டு எங்கே போகிறாய்? கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் நான் தச்சன், கோணல் எது நேர் எது என்று தெரியும். நேற்று நீ எழுதிய பக்கத்தில் ஏழு எழுத்துக்குப் பட்டறைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, இந்தக் கடிதத்தையும் அங்கேயே வைத்திருக்கிறேன்.

ஏழும் ‘நீ’தான்.

இப்படிக்கு,
உன் சந்தேகப் பிராணி