அந்த ஆறு பேர் வராததால்

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் சரிம்மா சரிம்மா என்பாய், சொல்ல வந்தது எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிடும். இது முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டிய விஷயம். போன வாரம் நீ கூப்பிட்டு, "தேதி குறிச்சாச்சாம்மா?" என்று கேட்டபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன் அல்லவா, அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

தேதி குறிக்கவில்லை, இனி குறிக்கப் போவதும் இல்லை. பதறாதே, அழுகை எல்லாம் முடிந்து ஆறு நாள் ஆகிறது, இப்போது சொல்வதற்குச் சந்தோஷமான பகுதியும் நிறைய இருக்கிறது. தேதி குறிக்கப் பையன் வீட்டுக்குக் கிளம்பிய அன்றைக்குக் காலையில் வாடகை வேன் வந்துவிட்டது. அப்பா லிஃப்ட் கம்பெனியில் விடை கொடுத்தபோது தந்த அந்தச் சாம்பல் நிற கோட்டைப் போட்டுக்கொண்டார், தோளில் கொஞ்சம் பிடிக்கிறது, பிரித்துத் தைக்கிறேன் என்றால் கேட்பதில்லை. பெரியத்தை ஏழு மணிக்கே வந்து, பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்த பழக்கம் விடாமல், நாலு பேரையும் விரல் நீட்டி எண்ணித்தான் வேனில் ஏற்றினார். உன் தங்கைக்கு நான் மூன்று வாரம் உட்கார்ந்து தைத்த பச்சை உடை. கழுத்துப் பட்டையை உயர்த்தி, அதற்கு ஏற்றபடி தலைமுடியை இடது பக்கமாக முன்னால் கொண்டுவந்து பின் குத்திவிட்டேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். ஆறு வயதில் அந்தக் காய்ச்சல் வந்து இரண்டு காதிலும் பாதிக்கு மேல் கேட்காமல் போனதும், இடது காதில் மெஷின் வைத்ததும் உனக்குத் தெரியாததா. அந்தப் பையன் அவளை இரண்டு தடவை ஓட்டலில் வைத்துப் பார்த்துப் பேசியிருக்கிறான், இரண்டு தடவையும் முடி மறைத்துக்கொண்டது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

முக்கால் தூரம் போயிருப்போம். பழக்கூடை என் மடியில், கேக் பெட்டி அப்பா மடியில். பெரியத்தைக்குப் போன் வந்தது. அவர் பேசவே இல்லை, சரிங்க, சரிங்க என்று நாலு தடவை சொன்னார், அவ்வளவுதான். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "தம்பி, வண்டிய ஓரமா நிறுத்துப்பா" என்றார். பெண்ணுக்குக் காதில் மெஷின் இருக்கிறதாமே, எங்களிடம் ஏன் மறைத்தீர்கள், இனி வர வேண்டாம் என்று பையனுடைய அம்மா சொன்னாராம். யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கும்போது, உன் தங்கை பின் சீட்டிலிருந்து, "யாரும் சொல்லலம்மா. நான்தான் காலைல அவர்கிட்ட சொன்னேன். அவங்களுக்குத் தெரியாம அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க எனக்குப் பிடிக்கல" என்றாள். அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன். "போ, செவிடு செவிடுன்னு ஊர் பூரா நீயே தமுக்கடிச்சுக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். இருபது வருஷமாக வீட்டுக்குள் வேறு யாரையும் அந்த வார்த்தையைச் சொல்ல விட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தடவை சொன்னதற்கு அவளோடு பேச்சையே நிறுத்தியவள் நான். என் வாயிலேயே அது வந்தது. உன் தங்கை முடியை விலக்கி, மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு நான் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. நான் நிறையப் பேசினேன்.

வேன்காரர் வண்டியைத் திருப்பினார். எங்களில் யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை, மாடியில் குடியிருப்பவர்கள் வாசலிலேயே நின்று கேட்பார்களே. கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கு மேலே ஒரு பெரிய ராட்டினம் தெரிந்தது. அந்தத் தீம் பார்க் பக்கமாக எத்தனையோ தடவை போயிருக்கிறோம், உள்ளே போனதில்லை. மெஷின் இல்லாவிட்டால் அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது, வேனே அதிரும்படி, "அப்பா, இங்க நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். இந்தக் கோலத்திலா, பட்டப்பகலில், பழக்கூடையோடா என்று நான் கேட்டேன். அப்பா, "வேற எந்தக் கோலத்துல போகணும்? நல்லாத்தானே உடுத்தியிருக்கோம்" என்று சொல்லிவிட்டு வேன்காரரிடம் உள்ளே விடச் சொன்னார்.

கவுண்ட்டரில் ஒரு பெண், உன் தங்கை வயதுகூட இருக்காது, புக் பண்ணியிருக்கிறீர்களா என்று கேட்டாள். அப்பா, "எத?" என்று கேட்டார். விடுமுறை நாள் என்பதால் இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லாம் நிரம்பிவிட்டதாம், இப்போதெல்லாம் நினைத்த நேரத்தில் வந்து நிற்பவர்களே இல்லையாம். நான் திரும்பிவிடலாம் என்று அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். பெரியத்தை முன்னால் போய், விடுதியில் காலை அறிவிப்பு படிக்கிற அதே குரலில், "பாரும்மா, இந்தப் பொண்ணோட கல்யாணத்துக்குத் தேதி குறிக்கத்தான் கிளம்பினோம். வழியில போன் பண்ணி வேண்டாம்னுட்டாங்க. வீட்டுக்குப் போக யாருக்கும் மனசில்ல. ஏதாவது வழி இருந்தா சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு" என்றார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அந்தப் பெண் உன் தங்கையின் உடையைப் பார்த்தாள், என் கையில் இருந்த கூடையைப் பார்த்தாள். புக் பண்ணிவிட்டு பன்னிரண்டு மணி வரை வராதவர்களின் இடத்தை நேரில் வந்தவர்களுக்குக் கொடுக்கலாம், உறுதி சொல்ல முடியாது, முதலில் உங்களை எழுதிக்கொள்கிறேன், எத்தனை பேர் என்று கேட்டாள். பெரியத்தை எங்களை எண்ணினார். விரல் வேன்காரரிடம் வந்து கொஞ்சம் தயங்கியது, பிறகு அவரையும் சேர்த்து ஐந்து என்றார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் சொல்வேன். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வேனின் நிழலில் உட்கார்ந்தோம். எல்லோருக்கும் பசி, காலையில் பதற்றத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா கேக் பெட்டியின் ரிப்பனை அவிழ்த்தார். வேன்காரரிடம் கத்தி இருந்தது, அவர்கள் வீட்டுக்கென்று நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கிய பழங்களை எல்லாம் வெட்டிக் கொடுத்தார். "நானும் பதினஞ்சு வருஷமா கல்யாண வீட்டுக்காரங்கள ஏத்திட்டுப் போறேன். டிரைவருக்குக் கடைசியிலதான் இலை போடுவாங்க. இன்னிக்குத்தான் முதல் பந்தியில உக்காந்திருக்கேன்" என்று அவர் சொல்ல, அப்பா சிரித்துப் புரையேறி, கோட்டு முழுக்க கேக். என்ன சிரிப்பு என்று உன் தங்கைக்குத் தெரியவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள், பிறகு மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே" என்று கேட்டாள். அவரும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவள் சிரித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், "அம்மா, நான் கடையில தினமும் எத்தனை பேருக்குக் கண்ணாடி மாட்டிவிடறேன். எந்த அம்மாவும் புள்ள மூக்குக் கண்ணாடிய மறைக்கச் சொன்னதில்ல. காதுக்கு மட்டும் ஏன்மா?" என்று கேட்டாள். நான் பழக் கொட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்தில் அந்தக் கவுண்ட்டர் பெண் வெளியே வந்து கையை ஆட்டினாள். ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் வரவில்லையாம். உள்ளே போனதும் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. ராட்டினத்தின் அடியில் குனிந்து கம்பிவடத்தையும் போல்ட்டையும் பார்க்கிறார், பிரேக் எப்போது சோதித்தீர்கள், பதிவேடு எங்கே என்று இயக்குபவரைக் கேட்கிறார். அவரும் பொறுமையாகக் காட்டினார். காட்டிய பிறகு, "நல்லா வச்சிருக்காங்க, ஏறலாம்" என்று இவர் சொன்ன பிறகுதான் நாங்கள் ஏறினோம், எங்களுக்குப் பின்னால் நின்ற முன்பின் தெரியாத நாலு பேரும் அவர் சொல்லுக்காகக் காத்திருந்து ஏறினார்கள்.

அதற்கு அப்பால் தண்ணீர்ப் படகு ஒன்று. உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து தலைகுப்புறக் குளத்தில் விழுகிறது. எனக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெஷினில் தண்ணீர் படக்கூடாதே, உன் தங்கை அதைக் கழற்றி என் கைக்குட்டையில் வைத்து, தன் பையையும் என் தோளில் மாட்டிவிட்டு, நான் குத்திய பின்களை எல்லாம் உருவி எறிந்து, கேக் பெட்டியின் ரிப்பனால் முடியை உச்சியில் தூக்கிக் கட்டிக்கொண்டாள். பெரியத்தை முட்டிவலியை மறந்து முன்வரிசையில் ஏறி உட்கார்ந்தார். படகு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அவள் பைக்குள் போன் அடித்தது. அந்தப் பையன். நான் எடுத்தேன், எடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய மனுஷியாக இருந்திருப்பேன், ஆனால் எடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினான். தனக்கு ஆட்சேபணை இல்லை, வீட்டில்தான் பிரச்சினை, "நீங்க அம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க ஆன்ட்டி, ட்ரீட்மென்ட் நடக்குது, கொஞ்ச நாள்ல சரியாயிடும், மெஷின் வேண்டியிருக்காதுன்னு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். கேட்டுக்கொள்ளடா, அன்று காலையில் அவன் இதைச் சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை என்ன, நூறு வார்த்தை சொல்லியிருப்பேன். மறு கையில் அந்த மெஷினை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். மூடினால் அது கீச்சென்று விசில் அடிக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். விரலைத் திறந்தேன், நின்றது. அவ்வளவு சின்னப் பொருள். இத்தனை வருஷத்தில் அதை ஒளிப்பதற்கு நான் பட்ட பாட்டில் பாதிகூட அவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு வாழ்வதற்குப் படவில்லை என்று தோன்றியது. "சரியாகாது தம்பி" என்றேன். "இது இப்படியேதான் இருக்கும். மெஷின் வச்சா அவளுக்கு நல்லாக் கேக்கும். இல்லாதத நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே." அவன் பதில் சொல்வதற்குள் படகு விழுந்தது. அத்தனை பேர் கூச்சலிலும் உன் தங்கையின் குரல் தனியாக மேலே கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். மூன்று வாரத் தையல் அப்படியே உடம்போடு ஒட்டியிருந்தது, பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மெஷினை மாட்டிக்கொள்ளும் வரை காத்திருந்து, அவன் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். வேனில் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டேன், சரியாகக் கேட்க வரவில்லை. அவள், "வா, நீயும் ஏறு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மெஷினை வேன்காரர் வாங்கிக்கொண்டார், இரண்டு கையையும் ஏந்தி, நாங்கள் திரும்பி வரும் வரை அசையாமல் அப்படியே நின்றிருந்தார், வழியில் போனவர்கள் என்ன என்று கேட்டதற்கு, "எங்க பாப்பாவோட காது மெஷினுங்க" என்று சொல்லியிருக்கிறார். மேலே ஏறும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழும்போது கத்தியது நான்தான் என்று கீழே வந்த பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பையன் மூன்று நாள் கழித்து அவளையே கூப்பிட்டான். அரை மணி நேரம் பேசினார்கள். சண்டை இல்லாமல் முடித்துக்கொண்டாள், அன்றிரவு மட்டும் அழுதாள், நான் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். இப்போது முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறாள். எனக்கு இன்னும் பார்த்தவுடன் கை அந்த முடிப்பக்கம் போகிறது, இழுத்துக்கொள்கிறேன். படுக்கப் போகும்போது எல்லோருக்கும் நன்றி சொல்கிறேன், அந்தக் கவுண்ட்டர் பெண்ணுக்கு, வேன்காரருக்கு, வர வேண்டாம் என்று சொன்ன அந்த அம்மாவுக்கும்கூட. வராமல் போன அந்த ஆறு பேரைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். காய்ச்சல், விபத்து என்று எதுவும் இல்லாமல், சும்மா தூங்கிப்போய் வராமல் இருந்திருக்க வேண்டும், நன்றாக இருக்க வேண்டும்.

உனக்கும் எனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. உன் கல்யாணத்தின்போது உன் மாமியார், "உங்க பொண்ணு கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாளே" என்று கேட்டபோது, கூச்ச சுபாவம் என்று சொன்னேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். வாய் திறக்க வேண்டாம் என்று உனக்குக் கண்ணைக் காட்டினேன், நீயும் அம்மா சொல்லைத் தட்டாமல் தலையைக் குனிந்துகொண்டாய். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளைத் தலைக்கனம் பிடித்தவள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவளுக்கும் அது தெரியும், ஒரு நாளும் நம் இருவரையும் அவள் கேட்டதில்லை. உன்னையும் பொய் சொல்ல வைத்தவள் நான், மனதில் வைத்துக்கொள்ளாதே.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மருமகளுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னுகிறேன், கை அளவு எழுதி அனுப்பச் சொல். அப்பா உனக்கு எழுத ஒன்றும் இல்லை என்கிறார், ஆனால் நான் எழுத எழுதப் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் எதையும் மறைக்க வேண்டிய நிலை வராமல் நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே உன் மாமியாரைக் கூப்பிடு. என் மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் முன்னால் வந்து, முகத்தைப் பார்த்துக் கூப்பிடச் சொல். உடனே திரும்பிப் பார்ப்பாள் என்று அவளுடைய அம்மா சொன்னதாகச் சொல்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா