பொட்டு வைத்த கொக்கி

திருப்புலிவனம்,
வியாழன் இரவு

அன்பு மகள் கீர்த்திக்கு,

இத்தனை நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மலையேற்ற முகாமில் ராத்திரி போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாய், ஆனாலும் காலையில் திறந்ததும் இதுதான் முதலில் உன் கண்ணில் பட வேண்டும் என்று மெயில் அடித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், வேறு வேண்டுதல் எனக்கு இல்லை. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கூரியரில் அனுப்பிய நாலு கொக்கியில் (கேரபைனர் என்று சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய்) ஒன்று உன்னுடையது இல்லை. அதை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பாறையில் ஏறிவிடாதே.

இன்று சாயங்காலம் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தேன், தொப்பென்று ஒரு சத்தம். எலிக்குப் பயந்து உன் நைனா உத்தரத்தில் தொங்கவிட்டிருந்த விதைநெல் மூட்டை கீழே விழுந்து வாய் பிளந்து கிடந்தது. அதை மாட்டியிருந்த சிவப்புக் கொக்கியை எடுத்துப் பார்த்தேன், ஆணி மாதிரி நிமிர்ந்து போயிருந்தது கீர்த்தி. அந்த மூட்டை உன் எடையில் பாதிகூட இருக்காது. இது பாப்பாவோடதா என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாக, இல்ல மே, கடைல வாங்கினது, ரெண்டு வாங்கினேன், இன்னொண்ண பாப்பாவுக்கு அனுப்பிட்டேன் என்கிறார். நான் அப்படியே நெல்மேல் உட்கார்ந்துவிட்டேன். நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்கு நீ வந்தபோது மண்வெட்டி, கடப்பாரையோடு உன் கொக்கிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தோமே, அவற்றை நீ இங்கேயே விட்டுவிட்டுப் போன பிறகு கிணற்று மோட்டார் பழுதாகிவிட்டது. அதை மேலே தூக்க, பாப்பா கொக்கிதான் கெட்டி என்று பெருமையாக நைனா அதில் ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறார். மோட்டார் வந்துவிட்டது, கொக்கி கிணற்றுச் சுவரில் இடிபட்டுச் சேறும் கிரீஸும் அப்பிக்கொண்டது. நீ அனுப்பச் சொன்னதும், சேத்துல கெடந்தத எப்படி கொயந்தைக்கு அனுப்பறது என்று நினைத்து, உத்திரமேரூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் அதே நிறத்தில் புதுசு வாங்கி, அதற்கும் மறக்காமல் ஒரு பொட்டு வைத்துப் பார்சலில் சேர்த்திருக்கிறார். பாசத்தில் செய்ததுதான். நெல்லை வாரிப் போட வந்த பக்கத்து வீட்டு அம்முலு, பொண்ண மலைக்கு அனுப்பிட்டு இப்போ கொக்கியப் புட்சிகினு அழுவுறியே, வூட்டுக்கு வரச் சொல்லேன் அக்கா என்றாள். வரச் சொன்னால் வருகிற பெண்ணா நீ.

டார்ச் அடித்துப் பார்த்தேன், மலையேற்றத்துக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் எறும்பு அளவில் அதிலேயே போட்டிருக்கிறது. நைனாவுக்கு அது படிக்க வராது. பி.எஸ்சி. படித்த நான் பார்சலுக்கு மேலே முகவரி எழுதியதோடு சரி, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. உன் கொக்கிகளின் முதுகில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று எண் பொறித்திருக்கும் என்று நீதான் காட்டினாய், அந்த எண் இல்லாததைத் தனியே எடுத்துவிடு. பொட்டைப் பார்த்து நம் வீட்டுப் பொருள்தானே என்று நம்பிவிடாதே, நாலிலும் பொட்டு இருக்கிறது. எதற்கும் எல்லாவற்றையும் உங்கள் மாஸ்டரிடம் காட்டு. பதிலுக்கு வாங்குவதானால் அவர் சொல்கிற கடையில் வாங்கு, நிறம் எதுவாக இருந்தால் என்ன. கிணற்றில் இடிபட்டதையும் இனி நீ தொடமாட்டாய் என்று தெரியும், அது கன்றுக்குட்டிக் கயிற்றுக்கு ஆகும் என்று நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். உன் நைனா இன்னும் சாப்பிடவில்லை. நிமிர்ந்த கொக்கியை வெறும் கையால் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அது வளைகிறது.

அவரைத் திட்டி எதுவும் எழுதிவிடாதே. குளிரில் காதை மூடிக்கொள், காலையில் வெறும் வயிற்றோடு ஏறாதே. நம் ஊர் ஈஸ்வரன் உன் காலடியில் துணை நிற்கட்டும், நூறு வயசு நன்றாக இரு. அந்தக் கொக்கியைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன் என்று ஒரு வரி போதும், சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
செவ்வந்தி