எல்லாப் பெயருக்கும் ஒரே ஸ்டைல்

இடது பக்கக் கம்ப்யூட்டர்க்காரிக்கு,

கல்யாணப் பத்திரிகை மாடல் பெட்டியைத் திறந்ததும் சந்தன அட்டையும் பசையும் சேர்ந்து ஒரு வாசனை வருமே, அது இன்று காலை என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியவன்தான் நான். இன்று கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று அட்டை புரட்டியது நம் பெண். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செய்யாறு பக்கம். அதிகம் பேசமாட்டார். நம் வீட்டுக்கு அப்படி ஒருவர் தேவைதான்.

மஞ்சள் கரை போட்ட அட்டையை அவள் எடுத்துக்கொடுத்துவிட்டாள். அதில் வரும் மேட்டரை நான் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். எல்லாப் பெயரும் அடித்தாயிற்று, உன் பெயரில் வந்து கை நின்றுவிட்டது. என் அக்கா நேற்றே வந்து சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சுப காரியப் பத்திரிகையில் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர் கண்ணில் படக்கூடாதாம். என் பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில் போட்டால் போதுமாம். எனக்கோ அந்த அட்டையிலேயே உன் பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும், மணப்பெண் பெயரையும் மிஞ்சி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை நேரத்தில் என்ன எழுத்து என்று கேட்பாய். பஜாரில் இன்று ஈ காக்கை இல்லை.

கல்யாணமாகி நீ முதன்முதலில் நம் அச்சுக்கடைக்கு வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். மாகறலிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பக்க வடிவமைப்புப் படித்தவள் நீ. நான் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குவேன், அடுத்த வரியைத் தடியாக்குவேன், நடுவில் வரவில்லையென்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளுவேன். என் திறமையைக் காட்டலாம் என்று ஒரு கும்பாபிஷேக நோட்டீசைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு தினுசா கீது?" என்றாய். புது மாப்பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பார்.

அன்றுதான் ஸ்டைல் என்பதை எனக்குக் காட்டினாய். எந்த எழுத்து, எவ்வளவு பெரிது, மேலும் கீழும் எவ்வளவு இடம் என்று ஒரு தடவை தீர்மானித்து அதற்கு ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். அப்புறம் வரியில் கர்சரை வைத்து அந்தப் பெயரைத் தட்டினால் வரி அப்படியே மாறிவிடும். பிற்பாடு மனசு மாறினால் ஸ்டைலில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், அந்த ஸ்டைல் உள்ள வரியெல்லாம் மாறும். நீ வைத்த பெயர்கள் இன்னும் திரையின் ஓரத்தில் வரிசையாக இருக்கின்றன. தலைப்பு, தேதி, ஊர், பேர். கடைசியில் நம் கடை விலாசம் வரும் சின்ன வரிக்கு 'வால்'. அதை வாடிக்கையாளர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று எனக்கு எப்போதும் ஒரு பயம்.

உன் ஸ்டைலை மீறி ஒரு எழுத்தை நான் கையால் பெரிதாக்கினால் ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி வந்து நிற்கும். உன் கண்ணுக்கு அது மட்டும் தப்பாது. "மறுபடியும் கூட்டல் போட்டுக்கினீங்களா?" என்று கேட்பாய். ஒருநாள் ரோஷம் வந்து, உன் கூட்டலெல்லாம் ஒழியட்டும் என்று யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் உன் ஸ்டைலுக்கு மாற்றினேன். நம் பழைய தமிழ் எழுத்துருவின் குணம் தெரியுமே. அதன் கையில் ஆங்கில எழுத்து சிக்கினால் தமிழாகத் திரித்துவிடும். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் இருந்த இன்ஜினியரிங் பட்டம் வாயில் நுழையாத ஏதோ பிராணியின் பெயராகிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்டைல் செய்து 'பட்டம்' என்று பெயர் வைத்தாய். அன்றிலிருந்து நம் கடையில் யாருடைய படிப்பும் கெடவில்லை.

மற்றதிலெல்லாம் எனக்காக விட்டுக்கொடுத்தவள்தான் நீ. 'பேர்' என்ற ஸ்டைலில் மட்டும் இம்மியும் அசையமாட்டாய். ஒரு நோட்டீசில் எத்தனை மனிதர்கள் வந்தாலும் எல்லாருக்கும் அந்த ஒரு ஸ்டைல்தான். ஏன் என்று நீ விளக்கியதே இல்லை. ஏரி நிறைந்த வருடம்தான் எனக்குப் புரிந்தது.

காவாந்தண்டலத்து ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் தூர்ந்து கிடந்ததை அந்த வருடம் ஊரும் காலனியும் சேர்ந்து வெட்டினார்கள். ஊர்க்காரர்கள் டிராக்டர் கொடுத்தார்கள். மண்ணை வெட்டியதும் கூடையில் சுமந்ததும் பெரும்பாலும் காலனி ஆண்களும் பெண்களும். மழை வந்து ஏரி நிறைந்ததும் கரையில் பொங்கல் வைப்பது, அதற்கு நோட்டீஸ் அடிப்பது, வேலை செய்தவர்கள் பெயரையெல்லாம் போடுவது என்று முடிவாயிற்று. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் என் பெரியப்பா.

காலையில் காலனியிலிருந்து ஆரோக்கியம் அண்ணன் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்று, தங்கள் பெயரும் வருமா என்று கேட்டார். நீ எழுந்துபோய் அவரைக் கூட்டிவந்து உன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாய். அவர் வீடு வீடாகச் சொல்லச் சொல்ல நீ அடித்தாய். ஆம்பளைகள் பெயரோடு நிறுத்தியபோது, கூடை தூக்கியது யார் என்று கேட்டு அந்தப் பெண்களின் பெயரையும் வாங்கினாய்.

மத்தியானம் பெரியப்பா வந்தார். அவர் மனதில் இருந்த நோட்டீஸ் வேறு. அவர் பெயர் உச்சியில், கீழே டிராக்டர்காரர்கள், அடியில் 'மற்றும் காலனி மக்கள்' என்று ஒரு வரி. திரையில் அவர் பெயரும் ஆரோக்கியம் பெயரும் ஒரே அளவில் இருந்தன. பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா, எல்லாம் ஒண்ணா கீது? எம் பேர நல்லா பெருசா தூக்கிப் போடு."

சரிங்க மாமா என்று பவ்யமாகச் சொன்னாய். அவர் பெயர் இருந்த வரியை நீ தொடவில்லை. ஸ்டைலைத் திறந்து அளவை ஏற்றினாய். பெரியப்பா பெயர் பெரிதாயிற்று, ஆரோக்கியம் பெயர் பெரிதாயிற்று, கூடை தூக்கிய பெண்கள் பெயரெல்லாம் பெரிதாகித் தாளைவிட்டு வெளியே வழிந்தன.

"பாருங்க மாமா, ஒர்த்தர பெருசாக்குனா எல்லாரும் பெருசாவுறாங்க. மிஷின் அப்டித்தான் கீது."

பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாய். பெரியப்பா உன்னை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "டேய், அவளுக்கு வரல போலகீது. நீ பண்ணு."

எனக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கடை திறந்தபோது விளக்கேற்றியவர் அவர். அவர் முகம் கோணினால் சுற்றுவட்டாரத்து வேலை முழுக்கப் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போய்விடும். அதற்காக, உன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு நான் எப்படி வீட்டில் சோறு சாப்பிடுவது? "எனக்கும் வராது பெரியப்பா" என்றேன். மேஜைக்கு அடியில் உன் கால் விரல்கள் என் பாதத்தை ஒரு அழுத்து அழுத்தின. நம் தாம்பத்தியத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அதுதான் என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆனால் உண்மை.

பெரியப்பா கெட்டவரில்லை. பெயர் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அப்படியென்றால் எல்லாவற்றையும் பெரிதாகவே போடு, காகிதத்தைப் பெரிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நோட்டீஸ் துண்டு அளவிலிருந்து வேட்டி அளவுக்கு வந்துவிட்டது. ஆரோக்கியம் அண்ணன் கடையிலேயே அதை விரித்து, விரலால் தேடித் தன் பெயரைக் கண்டுபிடித்தார். "எம் பேரு இம்மாம் பெருசா ரேசன் கார்டுல கூட இல்லம்மா" என்றார். நீ அவருக்கு இன்னும் இரண்டு நோட்டீஸ் சுருட்டிக் கொடுத்தாய். இதனால் ஊரும் காலனியும் ஒன்றாகிவிட்டன என்றெல்லாம் எழுதினால் நீயே அடித்துவிடுவாய். பொங்கலுக்கு இரண்டு பந்தியாகத்தான் உட்கார்ந்தார்கள். நோட்டீசில் மட்டும் ஒரே பந்தி.

பெரியவரிடம் இப்படிப் பொய் சொல்லலாமா என்று வண்டியில் வீட்டுக்குப் போகும்போது கேட்டேன். பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பொய் இன்னா கீது? நா பண்ண ஸ்டைலு அப்டித்தான" என்றாய். அப்புறம் அதுவே கடையின் வழக்கமாகிவிட்டது. காதுகுத்து, கிரகப்பிரவேசம், குலதெய்வ பூஜை என்று எதற்கு வந்து யார் தன் பெயரைப் பெரிதாக்கக் கேட்டாலும், முடியாது என்று நானும் முகத்தைப் பச்சைக் குழந்தையாக்கிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியை நான் அடிக்கவில்லை, பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் அடித்துக் கொடுத்தார். அதில் உன் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று நான் பார்க்கவில்லை. தலையைத் தூக்கினால்தானே தெரியும்.

இதற்கு மேல் உள்ளதை எழுத உட்காரும்போது சாயந்திரமாகிவிட்டது. நடுவில் எழுந்துபோய் உன் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிவிட்டேன். உச்சியில், பளிச்சென்று இருந்தது. எத்தனையோ நாள் கழித்து உன்னைப் பார்த்தது போல அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்த நம் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். உன் மடியில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா, பெயரைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தாள்.

"பேர்ல கூட்டல் கீதுப்பா" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. உன் மேல் கோபமும் வந்தது. செத்த பிறகும் ஒரே ஒரு தடவைகூட உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாட விடமாட்டேன் என்கிறாயே என்று இருந்தது. ஆனால் ஊர் முழுக்க முடியாது என்று சொன்னவன், தன் பெண்டாட்டிக்கு மட்டும் முடியும் என்று எப்படிக் காட்டுவது? உன் பெயரை மறுபடி 'பேர்' ஸ்டைலுக்குக் கொண்டுவந்தேன். என் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில், போய் உட்கார்ந்துகொண்டாய்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்து தெரியாது, அளவு தெரியும். சின்னதாகப் போடச் சொன்னேனே, ஏன் போடவில்லை என்று பிடித்துக்கொண்டாள்.

"அது மட்டும் சின்னதாவாதுக்கா. ஒண்ண கொறச்சா எல்லாம் கொறையும்" என்று ஸ்டைலில் அளவை இறக்கிக் காட்டினேன். அக்கா பெயரும் அவள் வீட்டுக்காரர் பெயரும் சேர்ந்து கடுகாகிவிட்டன. அக்கா அதையே பார்த்தாள். பிறகு முன்னிருந்தபடியே இருக்கட்டும் என்றாள். உன் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்றாவது போடச் சொன்னாள். போட்டேன், அதையும் அதே அளவில்.

அச்சுக்குப் போகுமுன் ஒருவர் படிக்க ஒருவர் கேட்க வேண்டும், நம் கடை வழக்கம். எப்போதும் நீ படிப்பாய், நான் கேட்பேன். இன்று நம் பெண் உன் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். என் பெயரைப் படித்தாள், உன் பெயரைப் படித்தாள், நிற்காமல் அத்தை மாமா பெயருக்குப் போய்விட்டாள். உன் பெயர் வந்த இடத்தில் அவள் குரல் தாழவில்லை. உயிரோடு இருப்பவர்கள் பெயரைப் படிக்கிற அதே குரல்.

படித்து முடித்துவிட்டு, ஏதாவது மாற்ற வேண்டுமா என்று என்னைக் கேட்டாள்.

திருத்தம் இல்லை என்று சொன்னேன்.