மயில் காசின் விலை

சிகந்திராபாத்
3.8.2004

அன்புள்ள லக்ஷ்மி அக்காவுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு மடப்பள்ளியில் உட்காரவே நேரம் இருக்காது.

அக்கா, ஒரு காரியம் நடந்துவிட்டது. நான் ஊரைவிட்டு வரும்போது நீங்கள் கொடுத்தீர்களே, மயிலும் தெலுங்கு எழுத்தும் போட்ட செப்புக் காசு, அதை என் மகள் ஸ்னேகா படம் எடுத்து இன்டர்நெட் ஏலத்தில் போட்டாள். என்ன விலை கேட்பார்கள் என்று பார்க்கத்தான். சென்னைக் கடைக்காரர் இருநூறுக்கு மேல் தரமாட்டேன் என்ற காசு, முப்பத்தோராயிரத்துக்குப் போய்விட்டது! "ஏலம் முடிஞ்சா குடுத்துதாம்மா ஆகணும்" என்கிறாள். மும்பைக்காரர் ஒருவருக்கு அனுப்பிவிட்டோம்.

சந்தோஷப்படுவதா, உங்களிடம் மன்னிப்புக் கேட்பதா? பாதிப் பணத்துக்கு டிராஃப்ட் வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
தமிழ்செல்வி

*

திருத்தணி
20.8.2004

அன்புள்ள செல்விக்கு ஆசிகள்.

கோபமா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. கொடுத்துவிட்ட பொருளுக்கு விலை வந்தால் அதில் எனக்கு என்ன பங்கு? டிராஃப்ட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்குள் மணவாளன் கடைக்குப் போனேன். பித்தளைப் பாத்திரக் கடைதான். பழைய செம்போடு வரும் காசை எனக்கு எடைபோட்டுத் தருவாரே, அவர். அவரிடம் இரண்டு மயில் காசு இருந்தது. உன் சங்கதியை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். முகமே மாறிப்போயிற்று. "அப்டியாம்மா? அப்போ ஒண்ணு எட்டாயிரம். நீங்க யோசிச்சிகினே இருந்தா வேற ஆள் வந்துடுவான்" என்றார்.

உன் டிராஃப்ட்டை மாற்றி, மேலே கொஞ்சம் போட்டு, இரண்டையும் வாங்கிவிட்டேன். ரிஜிஸ்டர் தபாலில் வருகிறது. ஸ்னேகாவை ஏலத்தில் போடச் சொல். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. விலை வரட்டும்.

சாய்லக்ஷ்மி

*

சிகந்திராபாத்
30.10.2004

அன்புள்ள அக்கா,

இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். யாரும் ஐந்நூறுக்கு மேல் கேட்கவில்லை.

அதே மயில், அதே எழுத்து. உங்கள் காசுகளில் தோகை இன்னும் தெளிவாகவே இருக்கிறது. ஸ்னேகா கம்ப்யூட்டரில் காட்டினாள். பள்ளிப்பட்டிலிருந்து ஒருவர், புத்தூரிலிருந்து ஒருவர், சித்தூரிலிருந்து ஒரே ஆள் ஒரு கைப்பிடி என்று வரிசையாக மயில் காசுகள்! நம் ஏலத்து விலையைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். ஐந்தாறுதான் உலகத்தில் உண்டு என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மும்பைக்காரர் வேறு, அபூர்வக் காசு என்று சொல்லி ஏமாற்றிவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறார். நாம் பொய் சொல்லவில்லையே அக்கா? முப்பத்தோராயிரம் பொய்யா, ஐந்நூறு பொய்யா? ஸ்னேகாவைக் கேட்டால், "ரெண்டுமே நெஜம்தாம்மா" என்கிறாள். எனக்குப் புரியவில்லை.

விற்கட்டுமா, உங்களுக்கே திருப்பி அனுப்பட்டுமா?

செல்வி

*

திருத்தணி
14.11.2004

செல்விக்கு,

விற்காதே. அனுப்பிவிடு.

மணவாளனிடம் போய்க் கேட்டேன். "நானா கம்ப்யூட்டர்ல எழுதுனேன்? நீங்கதாம்மா வந்து சொன்னீங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. உன்மேலும் தப்பில்லை. பிறகு யார்மேல் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

வீட்டில் சொல்லிவிட்டேன். இவர் திட்டுவார் என்று பயந்தேன். சாப்பிட்டு எழுந்து கை துடைத்துக்கொண்டே, "சரி, இப்போ அது எவ்வளவுதான் பெறும்?" என்று கேட்டார். செல்வி, முன்பெல்லாம் ஒரு காசு கைக்கு வந்தால் மயிலின் கழுத்தைப் பார்ப்பேன், எழுத்தைத் தடவிப் பார்ப்பேன். இப்போது விலைதான் மனசில் ஓடுகிறது. அந்த விலையும் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

இனிமேல் நாம் காசைப் பற்றி எழுத வேண்டாம். மற்றதெல்லாம் எழுது.

சாய்லக்ஷ்மி

*

சிகந்திராபாத்
2.12.2004

அன்புள்ள லக்ஷ்மி அக்காவுக்கு,

காசுகளை நேற்று அனுப்பிவிட்டேன். இதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஸ்னேகாவுக்கு அரக்கோணத்தில் ஒரு வரன் சொல்லியிருக்கிறார்கள். இவருக்கு ரயில்வேயில் வேறு பிரிவுக்கு மாற்றல். கத்தரிக்காய் விலை... வேண்டாம், விலை எதற்கு?

இன்லேண்டில் பாதிக்கு மேல் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. மற்றதெல்லாம் எழுது என்றீர்கள். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. பழங்காசு எக்ஸிபிஷனில் பார்த்து, அக்கா தங்கை என்று பழகி இத்தனை வருஷம் ஆகிறது, காசைத் தவிர நாம் என்ன பேசிக்கொண்டோம்?

அக்கா, காலையில் எழுந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்? யாரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள்? ஒப்புக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்.

எழுதுங்கள்.

செல்வி