மச்சான் சிரித்த சனிக்கிழமைகள்

நவம்பர் 1, சனி

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று முடிவெடுக்கப்பட்டது: இனிமேல் கைப்பேசியில் துண்டுக் காமெடி பார்ப்பதில்லை. முழுப் படம். பெயர் ஓடும் இடத்திலிருந்து. பாட்டு வந்தால் பாட்டும். ஆலோசனையில் கலந்துகொண்டோர்: நான், மச்சான். தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். மச்சான் சிரித்தார். ஒருமனதாக நிறைவேறியது.

வெளியே மழை. மலைகள் காணவில்லை. யாரும் தேடவில்லை.

மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். ஏப்ரலில் பக்கவாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சம்: இடக்கை, பசி, சிரிப்பு. சனிக்கிழமைதோறும் ஈப்போ சிலிபினில் அக்கா வீட்டுக் கூடம். அவருக்குச் சக்கர நாற்காலி, எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. முன்பெல்லாம் நடிகருக்கு முன்னால் இவர் வசனத்தைச் சொல்லிவிடுவார். பக்கத்தில் இருப்பவனுக்குப் படமே தேவைப்படாது. இப்போது நடிகரே சொல்ல வேண்டியிருக்கிறது.

படங்களுக்கு நாங்கள் வைத்த பெயர்கள்தான் எங்களுக்கு. இதுவரையிலான மதிப்பீடு:

வாளிப் படம் (தலையில் வாளி மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் போவது) – கண்ணில் நீர் வரும்வரை.
தரகர் படம் – இருமல் வரும்வரை.
ஆபீஸ் தொடர் (நான்கு குமாஸ்தா, ஒரே கோப்பு) – முதல் காட்சியிலிருந்தே. நான் சிரிப்பதில்லை. முப்பது வருடம் அரசாங்க ஆபீஸில் இருந்தவன். எனக்கு அது செய்திப்படம்.

வைத்தியம் பலிக்கிறது. சிரிப்புக்குப் பின்னால் பேச்சும் வரும் என்று நினைக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனாலும்.

நவம்பர் 4, செவ்வாய்

வீரையா அண்ணன் காலமானார். அக்கா வீட்டுக்குப் பின்வரிசை. மச்சானோடு ஒரே லாரியில் ஓடியவர். மச்சானை அழைத்துப் போகாவிட்டால் தப்பு என்றாள் அக்கா. அழைத்துப் போனோம்.

உருமி மேளம். நல்ல கூட்டம். பெட்டியைத் தூக்கினார்கள். வீரையா வீட்டம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போது மச்சான் சிரித்தார். புன்னகை இல்லை. வாளிப் படச் சிரிப்பு. மேளக்காரர் ஒருவர் கை தானாக நின்றது.

பின்னால் இரண்டு பேர்:

"ஏன் லா சிரிக்குது அந்த ஆளு?"

"ரெண்டு பேருக்கும் பழைய சண்டை ஏதும் இருக்குமோ?"

"சண்டைன்னா இவ்ளோ தூரம் வண்டி தள்ளிக்கிட்டா வருவாங்க?"

அக்கா முந்தானையால் அவர் வாயைப் பொத்தினாள். பொத்தியதற்குள்ளும் சிரிப்பு. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். சக்கரம் சாக்கடை மூடியில் மாட்டிக்கொண்டது. அதற்கும் சிரித்தார்.

சாவு வீட்டை மதிப்பீட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மருத்துவமனை. மூன்று மணி நேரம் காத்திருப்பு. சின்ன வயது டாக்டரம்மா, நல்ல தமிழ்.

"எப்ப சிரிப்பாரு அங்கிள்?"

"நல்ல காமெடிக்கு."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. அக்கா சாவு வீட்டைச் சொன்னாள். அதை எழுதிக்கொண்டார்.

"இது சிரிப்பு இல்ல அங்கிள். மூளையில அடிபட்ட இடம் அப்படி. தானா வரும். மனசுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லாமயும் வரும்."

"இல்லாமயும்னா? சம்பந்தத்தோடயும் வரலாமா?"

"வரலாம். வெளிய இருந்து பார்த்துச் சொல்ல முடியாது."

மாத்திரை இருக்கிறதாம். அடங்கிவிடுமாம். வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் பேசிச் சொன்னால் போதும், அவசரம் இல்லை என்றார். அக்காவுக்கு அவசரம். முப்பதாம் தேதி மகள் தர்ஷினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தெலுக் இந்தானிலிருந்து வருகிறார்கள்.

காரில் திரும்பினோம். சாலைச் சிக்னலில் சிவப்பு விழுந்ததற்கு மச்சான் சிரித்தார்.

ஏழு மாதமாக ஒரு நரம்புக்குப் படம் காட்டியிருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

சோதனை. டாக்டரம்மா சொன்னதை நான் நம்பவில்லை என்பதல்ல. சரிபார்ப்பது நல்லது. முடிவுகள்:

நாடாளுமன்ற விவாதப் பதிவு – சிரித்தார். (சோதனைக்கு ஏற்ற நிகழ்ச்சி அல்ல. நீக்கப்பட்டது.)
வானிலை – சிரித்தார்.
மீன் சமையல் – சிரித்தார்.
ஆற்றில் வெள்ளம், வீடிழந்தவர்கள் – சிரித்தார். நான் அணைத்துவிட்டேன்.

பிறகு, மனம் கேட்காமல், வாளிப் படம். வாளிக்குள் தலை இருப்பதால் முதலாளி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாமல் நடிகர் தூணுக்குச் சலாம் வைக்கும் காட்சி. மச்சான் இடக்கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார். நடிகர் வைப்பதற்கு முன்னால்.

நாங்கள் மூவரும் வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டில் மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். முன்பக்கம் மானேஜர் குடும்பம், ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார் குடும்பம், நாற்காலி. பால் வெட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் துணிக்குப் பின்பக்கம், புல்லில். பின்னால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். ஆகவே வாளிப் பட நடிகர் இடக்கைக்காரர் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிற்பாடு வீட்டுக்கு டிவி வந்து, அவர் வலக்கையால் சோறு தின்பதைப் பார்த்தபோது, "வயசாயிருச்சு, கைய மாத்திட்டாரு" என்றார் மச்சான். அந்தச் சலாமை அவர் வைப்பது எப்போதும் இடக்கையால்தான். வலக்கை நன்றாக இருந்த நாளிலும்.

அடுப்படிக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"அந்தக் கை ஒண்ணுதான தம்பி வேலை செய்யுது. வேற எந்தக் கையைத் தூக்குவாரு?"

"நடிகருக்கு முன்னாடியே தூக்கினாரு அக்கா."

"காது அரிச்சிருக்கும்."

அக்கா முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை. படம் போடும் நாளில் எல்லோர் வீட்டுக் குழந்தையையும் அவள்தான் பார்த்துக்கொள்வாள்.

நவம்பர் 10, திங்கள்

வரச்சொல்லி அக்கா ஆள் அனுப்பவில்லை, போன் செய்தாள். அதுவே விஷயம் பெரிது என்பதற்கு அடையாளம். அடுப்படியில் மூவர்: அக்கா, தர்ஷினி, நான். மச்சான் கூடத்தில்.

"நீ தாய்மாமன். நீ ஒரு வார்த்தை சொல்லு" என்றாள் அக்கா.

"அப்பா சிரிச்சா சிரிக்கட்டும் மாமா. வேற என்ன சத்தம் இருக்கு அவர்கிட்ட?"

"வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"ஸ்ட்ரோக்குன்னு சொல்லியாச்சுல்ல மா."

"ஸ்ட்ரோக்குன்னா வாய் கோணும்னு ஊருக்கே தெரியும். தட்டு மாத்துறப்ப சிரிப்பாருன்னு யாருக்குத் தெரியும்? வீரையா வீட்டு அக்கா இன்னும் என் மூஞ்சியப் பாக்கல."

"அதுக்கு அப்பாவ மியூட்ல போடணுமா?"

"கல்யாணம் உனக்கு. அக்கம்பக்கம் எனக்கு லா."

நான் சலாம் விஷயத்தை மறுபடி எடுத்தேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ சனிக்கிழமை வந்து பார்த்துட்டுப் போற. மத்த நாள்ல என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? படுக்கப் போட்டப்புறமும் சிரிப்பு வரும். நிறுத்த முடியாம மூச்சு முட்டும். என் கையைப் புடிச்சிக்குவாரு. எப்படிப் புடிப்பாரு தெரியுமா?"

தெரியாது. மணிக்கட்டைக் காட்டினாள். நீலமாக இருந்தது.

மாத்திரையைக் கொடுக்கலாம் என்றேன்.

தர்ஷினி எழுந்து போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளும் சிரித்தாள், அல்லது அழுதாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

மச்சானைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

நவம்பர் 15, சனி

மாத்திரை: வெள்ளை, சிறியது. காலையில் பசியாறிய பிறகு ஒன்று.

குடைக் கம்பி ஒடிந்தது. அரிசி முறுக்கு வாங்க மறந்தேன்.

தரகர் படம். இரண்டு இடத்தில் சிரித்தார், அதுவும் சுருக்கமாக. ஆபீஸ் தொடர் – ஒரு இடத்தில். அக்கா நன்றாகத் தூங்குகிறாளாம். முகத்தில் தெரிகிறது. ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் தலைக்குப் பூ வைத்திருந்தாள்.

நவம்பர் 22, சனி

வாளிப் படம். பெயர் ஓடும் இடத்திலிருந்து.

சலாம் காட்சி வந்தது, போனது. கை மடியிலேயே.

பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் கடைசிச் சுற்று சுற்றுவது தெளிவாகக் கேட்டது. இந்தப் படத்தில் இவ்வளவு பின்னணி இசை இருப்பது இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. நான் சிரித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில், சற்றுச் சத்தமாக. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன் தனியாகச் சிரித்தால் பார்ப்போமே, அப்படி. மரியாதையாக.

தர்ஷினி அறைக்குள்ளிருந்து: "என்ன படம் மாமா?"

"வாளி."

"சவுண்டக் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினேன்.

இப்போது இரண்டு சாத்தியம். அவருக்கு உள்ளே சிரிப்பு வருகிறது, வெளியே வரவில்லை. அல்லது உள்ளேயும் இல்லை. டாக்டரம்மா சொன்னதுதான். வெளியிலிருந்து சொல்ல முடியாது.

நவம்பர் 30, ஞாயிறு

வெயில். நல்ல சகுனம் என்று மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.

வாங்கியது: வெற்றிலை, கற்கண்டு, ஆரஞ்சு, கூடுதலாகப் பத்து நாற்காலி. வேன் ஒரு மணி நேரம் தாமதம். மாப்பிள்ளையின் அப்பா தெலுக் இந்தான் பசாரில் காய்கறி வியாபாரம். பெரிய உடம்பு, பெரிய குரல். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்:

"உங்க ஈப்போல ஒருவழிப் பாதை போட்டவன் யாருங்க? ரயில் ஸ்டேஷனையே நாலு சுத்து சுத்திட்டோம். அஞ்சாவது சுத்துல டாக்சிக்காரன் கையாட்டுறான் லா, சொந்தக்காரங்கன்னு நெனச்சு!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிப்பு மற்றவர்கள் முடித்த பிறகும் தொடர்ந்தது. தர்ஷினி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சானுக்குப் பட்டு வேட்டி, தலை வாரி, நெற்றியில் விபூதி. முன்வரிசை. தட்டை வலக்கையால்தான் கொடுக்க வேண்டும். அவருடைய வலக்கையைத் தூக்கித் தட்டுக்கு அடியில் வைத்து, அதற்கும் அடியில் என் கையை வைத்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு அவர்தான் கொடுத்தார். கை கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. தேதி வாசித்தார்கள், மோதிரம் மாற்றினார்கள், குழந்தை ஒன்று கற்கண்டைக் கொட்டியது. ஒரு சத்தமும் இல்லை. அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வேன் ஏறும்போது மாப்பிள்ளையின் அப்பா என் தோளில் கை போட்டார்.

"நான் ஒரு வாயாடி. சம்பந்தி பாருங்க, எவ்ளோ அமைதியான மனுஷன். என் ஜோக்குக்குக் கூட அசையல. எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருச்சு."

கல்யாணம் தை மாதம். மாத்திரை அதுவரைக்கும் வாங்கியாயிற்று.