முப்பது கஜ முளை

மேல்பண்ணை,
க்ளன் ஊருக்கு மேற்கே, ஷ்ராப்ஷயர்
8 ஏப்ரல் 1984, ஞாயிறு

அன்புள்ள பேத்தி ரோவீனாவுக்குப் பாட்டி ஆக்னஸ் எழுதுவது.

இங்கே எல்லாரும் நின்று நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். நீயும் அங்கே நியூசிலாந்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரக்காலோடு அலையாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல சேதிகள். உன் அண்ணன் டெஸ்மண்ட் உழவுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டான். பதினேழு டிராக்டர் இறங்கிய வயல். நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, நூல் பிடித்து உழுதாயா என்று கேட்டாராம். உன் சித்தி மகள் மெரில் நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள், தொப்பி மட்டும் அவள் தலைக்குப் பெரிசு. அவள் தம்பி ஓவன் நூறு கஜம் நிற்காமல் நீந்தி, நீச்சல் உடையில் தைக்கிற பட்டை ஒன்று வாங்கி வந்தான். தைத்தது நான். நீ கடல் தாண்டிப் போய் இருபது பேர் வேலை செய்கிற ஆப்பிள் தோட்டத்தில் நாற்றுப் பொறுப்பு முழுவதையும் வாங்கியிருக்கிறாய். சர்ச்சில் என் பக்கத்தில் உட்காருகிற யாரும் இதைக் கேட்காமல் வீடு போக முடியாது. பாதிரியார் மனைவி, ‘ஏன் ஆக்னஸ், உன் பேரப்பிள்ளைங்களைத் தவிர இந்த ஜில்லாவுல வேற யாருமே பொறக்கலையா?’ என்று கேட்டாள். பொறந்திருக்கலாம், நான் கேள்விப்படலை என்றேன்.

ஆட்டுக்குட்டிகள் பாதிக்குமேல் பிறந்தாகிவிட்டன. ஒன்று அடுப்படியில் பெட்டிக்குள் கிடக்கிறது. உன் அம்மாவுக்கு முதுகு பரவாயில்லை.

இனி நீ கேட்ட விஷயம். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கன்றுகளின் பட்டையை முயல் சுற்றிக் கடித்துவிடுகிறது, தோட்டக்கார அம்மா ஏர் கன் வாங்கச் சொல்லிவிட்டாள், கடைக்காரன் பாயிண்ட் டூ டூ என்கிற பெரிய ரவையா, பாயிண்ட் ஒன் செவன் செவன் என்கிற சின்ன ரவையா என்று கேட்கிறான். அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஒரு வரியில் பதில் போட்டிருப்பேன். ‘சுட மாட்டேன்னு சொன்னா வேற ஆளை வெச்சுக்குவாங்க, பாட்டி. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. எந்தக் குழல்னு நீயே சொல்லு, என் கையை நான் நம்பல’ என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வார்த்தையை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து.

போன ஆகஸ்டில் பக்கத்துப் பண்ணைக்காரர் பியூவின் சரிவு வயலில் நீ சுட்ட முயல் தாடை உடைந்து வேலிக்குள் ஓடியது. மூன்றாம் நாள் அது செத்துக் கிடந்ததைப் பியூ கண்டுபிடித்தார். இனி உங்கள் வீட்டார் யாரும் என் வயலில் துப்பாக்கியோடு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முயல் ஓடிய அன்றைக்கே நான் எல்லார் முன்னாலும், ‘இந்தக் கையை நம்பி ஒன் தாத்தா துப்பாக்கியைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்’ என்றேன். துப்பாக்கியை உன் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினேன். ஆறு வாரத்தில் விமானம் ஏறிவிட்டாய்.

உன் கேள்விக்கு வருகிறேன். பெரிய ரவைதான் என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். தாத்தா வாழ்நாள் முழுக்க அதையே வைத்திருந்தார். பெரிய ரவை கனமாக விழும், முயல் விழுந்த இடத்திலேயே கிடக்கும், அதுதான் இரக்கம் என்பார். டெஸ்மண்ட் மேசையில் ரொட்டி தின்றுகொண்டே, ‘பாட்டி, அது தாத்தா காலத்துப் பேச்சு. ரவை எங்க படுதுங்கிறதுதான் கணக்கு. சின்னது நேராப் போகும்’ என்றான். அவன் வைத்திருப்பது சின்னது. முள்ளங்கி விதை மாதிரி ஒன்றைப் போட்டுச் சுட்டுவிட்டு எனக்குப் பாடம் சொல்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அட்டையில் சுட்டுப் பார்த்துவிடலாம் வா என்றேன்.

இரண்டு பென்ஸ் காசு ஒன்றை அட்டையில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தோம். முயலின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உயிர் போகிற இடம் அவ்வளவுதான். களஞ்சியத்துக்குப் பின்னால் நீ டேப் வைத்து அளந்து ஆணி அடித்திருந்தாயே, அந்த முப்பது கஜத்தில், பார்லி மூட்டைமேல் தாத்தா துப்பாக்கியைச் சாத்தி ஐந்து சுட்டேன். ஐந்தும் காசுக்குள். எழுபத்தாறு வயசு. டெஸ்மண்ட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துப்பாக்கிமேல் இருக்கிற தொலைநோக்கியை முப்பது கஜத்துக்கு நீ திருகி வைத்துவிட்டுப் போனது அப்படியே இருக்கிறது, இம்மி அசையவில்லை.

களஞ்சியம் போதாது, வேட்டை நடக்கிற இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பியூவிடம் போய், அட்டையைத்தான் சுடுவேன், உன் முயலை இல்லை என்று சொல்லி அனுமதி கேட்டேன். அவர் வேலிக்கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். ‘காத்து என் பக்கமா அடிக்குது ஆக்னஸ், மாட்டைச் சுட்டுடாத’ என்றார். மாடு நீ நிக்கிற பக்கம்தானே இருக்கு, கொஞ்சம் தள்ளியே நில்லு என்றேன்.

தூரம் தெரிவதற்காகத் தாத்தா நட்ட வெள்ளை மர முளைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. இருபது, முப்பது, நாற்பது கஜம். முப்பதில் அட்டையைக் குத்தி, நீ அன்றைக்குப் படுத்திருந்த மேட்டிலிருந்து ஐந்து சுட்டேன். ஐந்தும் ஒன்றாகத்தான் பட்டன. ஆனால் காசுக்குக் கீழே, கட்டைவிரல் கணு அளவு கீழே. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி சுட்டேன். அதே இடம். காற்று என்றேன், டெஸ்மண்ட் அட்டையைச் சாய்த்துக் குத்திவிட்டான் என்றேன். அவன் என் துப்பாக்கியை வாங்கிச் சுட்டான், அதே கீழே. பிறகு தன் சின்ன ரவையைச் சுட்டான். அதுவும் கீழேதான், ஆனால் பாதித் தூரம்தான் இறங்கியிருந்தது. காசின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

பியூ வீட்டுக்குப் போய், வேலி போடுகிற நீள டேப்பை எடுத்து வந்தார். மேட்டிலிருந்து முளைவரை இழுத்தார்கள். முப்பத்தாறு கஜம்.

தாத்தா அந்த முளைகளை டேப்பால் அளக்கவில்லை ரோவீனா, காலால் அளந்திருக்கிறார். முப்பது தப்படி வைத்து முப்பது கஜம் என்று நட்டிருக்கிறார். அவர் அந்த முளையை வைத்தே தன் துப்பாக்கியைச் சரி பார்த்துக்கொண்டார், அதனால் அவருக்கு ஒருநாளும் தப்பவில்லை. நீ களஞ்சியத்துக்குப் பின்னால் ஒழுங்காக டேப்பால் அளந்து சரி பார்த்தாய், பிறகு அவர் முளையை நம்பிச் சுட்டாய். முயல் தலைக்கு நடுவில் வைத்துக் குறி பார்த்தால் ரவை தாடையில்தான் விழும். வேறு எங்கேயும் விழ முடியாது. அவர் கால்சட்டையை நாற்பது வருஷம் தைத்தவள் நான். கடையில் வாங்கியது எதுவும் அவருக்குக் கணுக்காலைத் தொடாது, ஒவ்வொன்றுக்கும் துணி ஒட்டுப் போட்டிருக்கிறேன். அவர் கால் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

நான் அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பியூ சொன்னார்: ‘அந்தப் பொண்ணு மூணு நாளும் விடியுமுன்ன வந்து என் வேலியோரமா முட்டிபோட்டுத் தேடிச்சு. துப்பாக்கியைக் குத்தம் சொல்லல, உன்னையும் சொல்லல. என் கைதான் தப்பு, மன்னிச்சுக்குங்கன்னு மட்டும் சொல்லிச்சு.’ அந்த மூன்று நாளும் நீ என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வயலில் திரிகிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கஞ்சியைக்கூட மூடி வைக்கவில்லை.

கை உன்னுடையது சரியாகத்தான் இருந்தது. தூரம் தப்பு. கையைக் குறை சொன்ன என் வாய் தப்பு. இதைப் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், பரிசுகளைச் சொல்வதற்கு முன்னாலேயே.

ஆகையால் சின்ன ரவையை வாங்கு. பாயிண்ட் ஒன் செவன் செவன். களஞ்சியத்தில் எலிக்கு என்றால் இன்றைக்கும் பெரியதுதான் சொல்வேன், அங்கே சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியும். திறந்த தோட்டத்தில் தூரத்தைக் கண்ணால்தான் மதிக்க வேண்டும், நாலு கஜம் யாருக்கும் பிசகும். சின்னது அந்தப் பிசகைக் கொஞ்சம் பொறுக்கும், பெரியது பொறுக்காது. அதற்காகத் தூரமாகச் சுடாதே. இருபத்தைந்து கஜத்துக்கு மேல் இருக்கிற முயலைப் போகவிடு, நாளைக்கும் வரும். உருண்டை மூக்கு ரவையாக வாங்கு. நீயே டேப் பிடித்து முளை அடி, வேறு யார் அடித்த முளையையும் நம்பாதே, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். தினமும் முதலில் அட்டை. ஐந்தும் காசுக்குள் விழாத நாளில் முயலுக்கு விடுமுறை. விழுந்த முயலிடம் உடனே நடந்து போ, அசைந்தால் இரண்டாவது போடத் தயங்காதே.

உங்கள் ஊர்க் காசு எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியாது. அதனால் நாங்கள் கோடு இழுத்த அந்த இரண்டு பென்சையே இந்தத் தாளின் அடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். செலவழித்துவிடாதே.

டெஸ்மண்ட் பழைய முளைகளைப் பிடுங்கப் போனான், நான் விடவில்லை. பக்கத்தில் புதிதாக அளந்து அடிக்கச் சொன்னேன். இப்போது அங்கே இரண்டு முப்பது இருக்கிறது. பியூ, அந்தப் பெண் வந்தால் வயல் அவளுக்குத் திறந்திருக்கிறது, மற்ற யாருக்கும் இல்லை என்று சொல்லச் சொன்னார். டெஸ்மண்டுக்கு முகம் தொங்கிவிட்டது. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறேன். அவசரமில்லை, தோட்டத்தில் பழம் பறித்து முடித்துவிட்டு, உனக்கு எப்போது தோதோ அப்போது.

குளிர் தொடங்குகிற காலம் உங்களுக்கு. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். கடவுள் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுப்புக்கு மேலே நீ கிளம்பிய நாளில் எடுத்த படம் இருக்கிறது. அதில் நீ தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். வெயில் கூசியது என்று உன் அம்மா எல்லாருக்கும் சொல்கிறாள். அன்றைக்கு மழை. தொப்பி இல்லாமல், நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.

உன் பாட்டி,
ஆக்னஸ்