வெளியே உட்காரச் சொன்ன டாக்டரம்மா

என்னங்க,

எந்த டாக்டரிடம் போனாலும் உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று நான்தான் சொல்வேன், நீங்கள் தலையாட்டுவீர்கள். இன்று அந்தப் புது டாக்டரம்மா, "நீங்க கொஞ்சம் வெளியே உக்காருங்கம்மா, அவரே சொல்லட்டும்" என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் பேசினீர்கள், பேசிக்கொண்டே இருந்தீர்கள். நெஞ்சு அடைக்கிறதாம். கண்ணை மூடினால் செத்துவிடுவோமோ என்று பயமாம். என்னிடம் மட்டும் இத்தனை வருடமும், "ஒண்ணுமில்ல, நீ படு."

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கழுத்தில் ஒரு குழாயைத் தொங்கவிட்டால் போதுமா, நீங்கள் மனம் திறக்க?

நாளை அவளைப் பார்க்க எனக்கும் டோக்கன் வாங்கியிருக்கிறேன். உங்களிடம் சொல்லாத வலி எனக்கும் ஒன்று இருக்கிறது. நீங்கள் வெளியே இருங்கள். கதவை ஒட்டிய நாற்காலியிலேயே உட்காருங்கள், அங்கேதான் நன்றாகக் கேட்கும்.

இதுவரை உங்களுக்காக மட்டுமே பேசியவள்